பொதுவாசகருக்குரிய தமிழ் விஞ்ஞான நூல்கள்

நூலுக்குரிய அழகுகள் பத்தென்றும் குற்றங்கள் பத்தென்றும் வகுத்துரைத்தார் நன்னூலார். அவர் கூறிய அழகுகளுள் சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் எவ்வகை நூலுக்கும் வேண்டப்படுவன. ஆயின், ஒரு துறையை முறையாகக் கல்லாத ஒருவருக்கு அத்துறையின் உண்மைகளை எடுத்துரைக்கப் புகும் நூலுக்கு அவை அழகு மாத்திரமல்ல, உயிருமாம். பாடநூலைப் படிக்கும் மாணவருக்கு விளங்காத இடத்தை விளக்க ஆசிரியர் அருகில் இருப்பார். தேர்வு என்னும் கட்டாயமும் அவரை நூலோடு பிணித்து வைக்கும். பொதுவாசகரோ அறியும் அவா ஒன்றையே துணையாகக் கொண்டு நூலைக் கையில் எடுப்பவர். அவ்வவா முதற் சில பக்கங்களுள் வாடிப்போகுமாயின், நூல் மீண்டும் திறக்கப்படுவதில்லை.

தமிழில் விஞ்ஞான நூல்கள் போதிய அளவில் இல்லை என்னும் குறை நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருவது. தொகை பற்றிய இக்குறையினும் தன்மை பற்றிய வினாவே முதன்மையானது. பொதுவாசகருக்கென எழுதப்பட்ட நூல்கள் எதனைத் தம் பணியாகக் கொண்டன? அப்பணி கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் வாழ்விடமாகக் கொண்ட ஒரு தமிழ் வாசகரை எவ்வளவுக்கு எட்டியது? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் இத்துறையின் நிறைவும் குறைவும் புலனாகும்.

முதற்கண் ஓர் அளவுகோல் வேண்டும். இலண்டன் மாநகரிலுள்ள ரோயல் நிறுவனத்தில் 1860ஆம் ஆண்டின் இறுதியிலும் 1861ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மைக்கேல் பரடே இளைஞருக்கென ஆறு விரிவுரைகள் ஆற்றினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுதிரி. திரி ஏன் எரிகிறது, சுடரின் ஒளி எங்கிருந்து தோன்றுகிறது, எரிந்த மெழுகு எங்கே செல்கிறது என ஒன்றன்பின் ஒன்றாக வினாவி, ஒவ்வொன்றுக்கும் அவையோரின் கண்முன்னே சோதனை செய்து காட்டி, இறுதியில் மனிதரின் சுவாசத்துக்கும் சுடரின் எரிதலுக்கும் உள்ள ஒற்றுமையில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். 1868ஆம் ஆண்டில் தோமஸ் ஹக்ஸ்லி நோர்விச் நகரத்துத் தொழிலாளருக்குச் சீமைச் சுண்ணத்தைப் பற்றி உரையாற்றினார். அவர்கள் நகரத்தின் அடிநிலமே சுண்ணப் பாறைதான். அதன் ஒரு துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் தெரியும். ஆகவே அந்நகரம் நிற்கும் தரை ஒருகாலத்தில் ஆழ்கடலின் அடித்தளமாயிருந்தது. இம்முடிவை அவர் அறிவிக்கவில்லை. தொழிலாளர் தாமே அம்முடிவுக்கு வரும்படி படிப்படியாக அழைத்துச் சென்றார்.

இவ்விரு உரைகளிலிருந்தும் பெறப்படும் அளவுகோல் இரு கூறுடையது. வாசகர் நாள்தோறும் கண்டு பழகிய பொருளிலிருந்து நூல் தொடங்குதல் வேண்டும் என்பது ஒன்று. முடிவுகளை மாத்திரம் கூறாது, அம்முடிவுகள் எவ்வாறு பெறப்பட்டன என்னும் வழியையும் காட்டுதல் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது இல்லையெனின் வாசகர் நூலுக்குள் நுழையமாட்டார். இரண்டாவது இல்லையெனின் நுழைந்தவர் நம்பிக்கையுடன் வெளியேறுவாரேயன்றி அறிவுடன் வெளியேறமாட்டார். எப்பொருளாயினும் அதன் மெய்ம்மையைத் தேர்ந்து காண்பதே அறிவென்ற வள்ளுவர் கொள்கைக்கும் இவ்வளவுகோல் இயைபுடையதே.

ஈழத்தில் தமிழ் வழி விஞ்ஞானக் கல்விக்கு வித்திட்டவர் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தும், உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம், இரசாயனம் முதலிய துறைகளின் ஆங்கில நூல்களைத் தம் மாணவர் துணையுடன் தமிழாக்கியும் செய்த தொண்டு பெரிது. 1875ஆம் ஆண்டின் 'கெமிஸ்தம்' அவற்றுள் ஒன்று. ஆயினும் அவை மருத்துவ மாணவருக்குரிய பாடநூல்கள். பொதுவாசகர் அவருடைய நோக்கத்துள் அடங்கியவரல்லர். உயர்ந்த விஞ்ஞானத்தையும் தமிழ் தாங்கும் என்பதைக் கிறீன் செயலில் நிறுவினார். விஞ்ஞானத்தை எவரும் விரும்பிப் படிக்கத் தமிழில் எழுதலாம் என்பதை நிறுவும் பணி பிறருக்கு எஞ்சியிருந்தது.

அப்பணி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டில் தொடங்கிற்று. 1916இல் இராஜாஜியும் அவருடைய நண்பரும் சேலத்தில் கலைச்சொல் ஆக்கத்துக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1917இல் 'தமிழர் நேசன்' இதழில் எழுதத் தொடங்கிய பெ. நா. அப்புஸ்வாமி 1986இல் மறையும் வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தார். அவர் தொழிலால் வழக்கறிஞர். எந்த ஆய்கூடத்தையும் சார்ந்தவரல்லர். இது குறையாகக் கருதப்படலாம். உண்மையில் அவருடைய நூல்களின் பலம் இதனின்றே பிறந்தது. துறைவல்லுநர் தமக்கு எளிதானது பிறர்க்கும் எளிதென எண்ணிப் படிகளைத் தாண்டிச் செல்வர். தாமே தேடிக் கற்றவரோ வாசகர் எவ்விடத்தில் இடறுவார் என்பதைத் தம் அநுபவத்தால் அறிவர்.

இராஜாஜி எழுதிய 'திண்ணை ரசாயனம்', 'தாவரங்களின் இல்லறம்' என்னும் இரு நூல்களின் பெயர்களே கவனிக்கத்தக்கன. ஆய்கூடத்துக்குரிய சாத்திரத்தை வீட்டுத் திண்ணைக்குக் கொணர்ந்து அயலவரோடு உரையாடுவது முதற்பெயர் உணர்த்தும் முறை. பூவின் மகரந்தச் சேர்க்கையையும் கனியின் தோற்றத்தையும் தமிழர் அறிந்த இல்லற வாழ்வோடு ஒப்பிட்டு விளக்குவது இரண்டாம் பெயர் உணர்த்தும் முறை. இவ்வகை உருவகம் வாசகரை வெகுவிரைவில் ஈர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உருவகத்துக்கு ஓர் எல்லை உண்டு. பூ வண்டை விருந்தினராக அழைப்பதில்லை. நெடிய தலைமுறைகளில் எஞ்சி நின்ற இயல்பே அழைப்புப்போலத் தோன்றுகிறது. இவ்வேறுபாட்டை உணர்த்தாது உருவகத்தை மாத்திரம் நீட்டிச் செல்வோர் விளங்க வைப்பதற்கு மாறாக மயங்க வைப்பர்.

இம்முன்னோடிகளுக்குப் பின் வந்த நூல்கள் பலவற்றில் இன்னொரு போக்குத் தலையெடுத்தது. விந்தை, அற்புதம், அதிசயம் என்னும் சொற்கள் தலைப்புகளை நிறைத்தன. அண்டத்தின் பரப்பு, அணுவின் நுண்மை, ஒளியின் கதி ஆகியன வியப்புத் தரும் எண்களாக அடுக்கப்பட்டன. ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது என்று கூறுவது எளிது. அதனை எவ்வாறு அளந்தனர் என்று கூறுவதே நூலாசிரியரின் கடமை. வழியைக் கூறாது எண்ணை மாத்திரம் கூறும் நூல் புராணத்தின் யோசனைக் கணக்கையும் விஞ்ஞானத்தின் அளவையையும் வாசகரின் உள்ளத்தில் ஒரே வரிசையில் இருத்திவிடுகிறது. இரண்டையும் அவர் ஒரே வகையான நம்பிக்கையுடன் ஏற்பார். பிறிதொரு நாளில் ஒரே வகையான எளிமையுடன் கைவிடவுங் கூடும்.

தமிழ்நாட்டு நூல்கள் கடல் கடந்து கண்டிக்கு வரும்போது வேறோர் இடர்ப்பாடும் உடன் வருகிறது. இலங்கையில் தாய்மொழி வழி விஞ்ஞானக் கல்வி பரவியபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பாடசாலைகள் அவற்றைக் கைக்கொண்டன. தமிழ்நாடு தன் வழியில் வேறு சொற்களை ஆக்கிக்கொண்டது. ஒட்சிசனை ஆக்சிஜன் என்றும், மூலகத்தைத் தனிமம் என்றும், ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்றும் எழுதுவதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. புதிய சொல் என்று வாசகர் உணர்ந்து இடத்தை நோக்கிப் பொருள்கொள்வார். இடர் தருவன வேறு. பொருளொன்றில் அடங்கிய சடத்தின் அளவை இலங்கை மாணவர் 'திணிவு' என்பர். அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பை 'நிறை' என்பர். தமிழ்நாட்டு நூலிலோ முன்னையதே 'நிறை', பின்னையது 'எடை'. அவ்வாறே இலங்கையில் திசையைக் கருதாத விரைவு 'கதி', திசையோடு கூடியது 'வேகம்'. தமிழ்நாட்டில் முன்னையது 'வேகம்', பின்னையது 'திசைவேகம்'.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம். சந்திரனுக்குச் சென்ற மனிதரின் நிறை மாறுவதில்லை என்று தமிழ்நாட்டு நூல் கூறும். அது சரியே. கண்டியில் கல்வி கற்ற ஒருவர் அதனைப் படித்தால், நிறை ஆறிலொரு பங்காகக் குறையும் என்று தாம் கற்றதற்கு அது நேர்மாறாயிருத்தலைக் கண்டு திகைப்பார். நூல் பிழையென்று அவர் எண்ணக்கூடும். தம் கல்வி பிழையென்றும் எண்ணக்கூடும். பிழை இரண்டிலுமில்லை. ஒரே சொல் கடலின் இருகரையிலும் இருபொருள் தாங்கி நிற்கிறது. எக்கரையின் சொல் உயர்ந்தது என்று வழக்காடுவதில் பயன் சிறிது. சொல்லை முதன்முதல் வழங்கும் இடத்திலேயே அதன் பொருளை ஒரு வாக்கியத்தால் வரையறுத்துவிடும் ஆசிரியருக்கு எக்கரை வாசகரும் நன்றி பாராட்டுவர். சொற்பட்டியல் இருந்தால் விஞ்ஞானத் தமிழ் வளர்ந்துவிடும் என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது. பட்டியல் கருவி, நூலே பயன்.

இவ்வுண்மையைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் விபுலானந்த அடிகள். விஞ்ஞான ஆசிரியராகப் பணிபுரிந்த அவர், தமிழ்நாட்டுக் கலைச்சொல்லாக்க முயற்சியிலும் தலைமை தாங்கினார்; 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகமே 1952இல் பேராதனையில் நிலைகொண்டது. 1947இல் வெளிவந்த அவருடைய 'யாழ் நூல்' இசையையும் கணிதத்தையும் ஒலியியலையும் ஒன்றுசேர்த்தது. அது பொதுவாசகருக்குரிய எளிய நூலன்று. ஆயினும் தமிழர் தாம் இழந்த ஒரு பொருளிலிருந்து தொடங்கி, கணக்கிட்டு, வழியைக் காட்டி முடிவுக்குச் செல்லும் அதன் போக்கு, இத்துறையில் எழுதுவோர் பின்பற்றத்தக்கது.

பரடேக்கு மெழுகுதிரியும் ஹக்ஸ்லிக்குச் சுண்ணத் துண்டும் அமைந்தவாறு கண்டி மலைநாட்டுக்கு அமைந்த பொருள் யாது என வினவின், ஒரு கோப்பி இலை என்பதே விடையாகும். ஹக்ஸ்லி உரையாற்றியதற்கு அடுத்த ஆண்டாகிய 1869இல் இலங்கைக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பார்க்லி அதனை ஒரு புதிய பங்கசு என இனங்கண்டு ஹெமிலீயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பாழாக்குவது என்பதே அப்பெயரின் பிற்பகுதியின் பொருள். தோட்டத் துரைமார் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மண்வளம் குன்றியமையாலும் காலநிலையாலும் நேர்ந்த தளர்ச்சியென எண்ணினர். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராயவென இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கினார்.

அவர் செய்த சோதனைகள் எளிமை வாய்ந்தன. பசை பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றோடு பறந்து வரும் வித்திகளை அவற்றில் சிக்கவைத்தார். வித்தி என்பது பங்கசின் நுண்ணிய விதை போன்றது. அது இலையின்மேல் வீழ்ந்து, நீர்த்துளியின் ஈரம் பெற்று முளைத்து, அடிப்புறத்திலுள்ள இலைவாய் வழியாக உள்நுழைந்து, இலையின் உணவை உண்டு, மீண்டும் பொடியாக வெளிவருகிறது என்பதைக் கண்டு நிறுவினார். மலைமலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் இத்துணை விரைவிற் பரவக் காரணம் என்பதும் அவருடைய ஆய்விலிருந்து பெறப்பட்டது. ஆயினும் மருந்து அவர் கையில் இல்லை. 1878இல் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராயிருந்த கோப்பி நிலம் 1900இல் 12,000 ஏக்கருக்கும் குறைந்தது. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது.

இவ்வரலாறு ஆங்கிலத்தில் பலமுறை எழுதப்பட்டுள்ளது. அங்கெல்லாம் அது துரைமாரின் நட்டமாகவும் தாவரவியலாரின் வெற்றியாகவும் கூறப்படுகிறது. மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து, வழியிற் பலரை இழந்து, அக்கோப்பி மலைகளுக்கு வந்து சேர்ந்தவர் தமிழர். அவ்விலையைத் தம் கையால் முதலில் தொட்டவரும், அப்பொடி ஒட்டிய விரலை முதலில் கண்டவரும், தோட்டம் கைவிடப்பட்டபோது கூலி இழந்தவரும் அவர்களே. இன்று அம்மலைகளில் கொழுந்து பறிப்போர் கோப்பியின்றித் தேயிலை பறிப்பதற்கு ஒரு நுண்ணுயிரே காரணம். தமிழ் மக்களின் வாழ்வையே மாற்றிய ஒரு விஞ்ஞான வரலாறு அவர்களுடைய மொழியில், அவர்களுடைய பக்கத்தில் நின்று, பொதுவாசகருக்குரிய நூலாக உரியவாறு சொல்லப்படாமை இத்துறையின் பெருங்குறை. சென்னையிலிருந்து வந்த நூல் திண்ணையில் அமர்ந்து பேசிற்று. மலையகத்து லயத்தில் உள்ளது இஸ்தோப்பு. அங்கு அமர்ந்து பேசும் நூல் வேண்டும்.

கோப்பி இலை மற்றொரு பாடத்தையும் புகட்டவல்லது. வெற்றிகளை மாத்திரம் தொடுத்துக் கூறும் நூல்களிடையே, காரணத்தைத் தெளிவாக அறிந்தும் தீர்வு காணாத ஒரு விஞ்ஞானியின் கதை அரிய பயன் தருவதாம். அறிதல் வேறு, மாற்றுதல் வேறு. முன்னதின்றிப் பின்னது இயலாது. முன்னது வந்தவுடன் பின்னது வந்துவிடுவதுமில்லை. இதனை உணர்ந்த வாசகர் விஞ்ஞானத்தை மந்திரமெனக் கருதமாட்டார். தீர்வு தாமதிக்கும்போது அதனை வெறுத்தொதுக்கவும் மாட்டார்.

இது வெறும் அறிவின்பம் பற்றிய பேச்சன்று. 1934ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. மழை மிகுந்தால் நுளம்பு பெருகும் என்பது பொதுமக்கள் எண்ணம். அவ்வாண்டில் நிகழ்ந்தது வறட்சி. ஓடும் நீர் வற்றி, மகா ஓயா, தெதுரு ஓயா முதலிய ஆறுகள் தேங்கிய குட்டைகளாயின. அக்குட்டைகளிலேயே நோய் பரப்பும் நுளம்பினம் பெருகிற்று. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கண்ட பொருளையே புதிதாகக் காணச் செய்யும் இத்தகைய விளக்கமே பொது விஞ்ஞான நூலின் உயிர்நிலை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களை வேறிடத்துக்குப் பெயர்க்க வேண்டிய பொறுப்பை நூல்கள் ஏற்க இயலா. அது ஆள்வோர்க்கும் தோட்டம் நடத்துவோர்க்கும் உரியது. ஆயினும் மழைநீர் மண்துணிக்கைகளின் இடையே புகுந்து அமுக்கத்தை உயர்த்தும்போது அவற்றைப் பிணித்து நிறுத்தும் உராய்வு குறைகிறது என்பதையும், நிலத்தில் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர், இறுகி மூடாத கதவு ஆகியன அச்சரிவின் முன்னறிகுறிகள் என்பதையும், காரணத்தோடு தமிழில் எழுதுவது எழுதுவோர் கடமையே. கட்டளையாகக் கூறப்படும் எச்சரிக்கை மறக்கப்படும். காரணம் விளங்கியவர் எச்சரிக்கையைத் தாமே உய்த்துணர்வர். வேறிடம் கேட்டு வாதாடவும் வல்லவராவர்.

இவ்வழியில் ஈழத்தில் நன்கு எழுதப்பட்டவையும் உள. 'மலைக்கொழுந்து' என்னும் நாவலால் தோட்ட வாழ்வைச் சித்திரித்த நந்தி, மருத்துவர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராயும் விளங்கினார். 'அருமைத் தங்கைக்கு' முதலிய அவருடைய நல்வாழ்வு நூல்கள், தாய்மையையும் குழந்தை வளர்ப்பையும் உறவினருக்கு உரைக்கும் அன்பு மொழியில் அமைந்தவை. கேட்பவர் யார் என்பதை ஆசிரியர் முன்னரே தீர்மானித்துக்கொண்டமையால் நடை தானே எளிதாயிற்று. பெரும்பாலான விஞ்ஞான நூல்கள் ஒருவரையும் நோக்கிப் பேசாமையால் அன்றோ எவரையும் எட்டாது போகின்றன!

ஆங்கிலம் அறிந்தோர் ஆங்கிலத்திற் படிக்கலாம். அறியாதோருக்கு மொழிபெயர்ப்புகள் போதும். ஆகவே இத்துணைக் கவலை எதற்கு என வினவுவோர் உளர். மொழிபெயர்ப்பு வேண்டுவதே. ஆயின் அது நோர்விச் நகரின் சுண்ணத்தைப் பற்றிப் பேசும். அம்பிட்டியின் மண்ணையோ கடுகண்ணாவைக் கணவாயின் பாறையையோ மகாவலியின் வண்டலையோ பற்றிப் பேசாது. விஞ்ஞானம் எங்கும் ஒன்றே. அதற்குள் நுழையும் வாயில் ஊர்தோறும் வேறு.

அவ்வாயில்களுக்கு மலைநாட்டிற் குறைவில்லை. 1821இல் அமைக்கப்பட்ட பேராதனைப் பூங்கா அண்மையில் உளது; அதன் தலைவராயிருந்த றைமென் தொடங்கிய இலங்கைத் தாவர நூல் செடிகளின் தமிழ்ப் பெயர்களையும் பதிந்து வைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் அயலில் உளது. தோட்டத்து முதியோரிடம் மண், மழை, இலை, பூச்சி பற்றிய பட்டறிவு உளது. இவற்றை ஒருங்கிணைத்து ஒரு சிறு நூலாக்குவது கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் கற்று வெளியேறியோர்க்கும் இயலாத செயலன்று. தமிழ் விஞ்ஞானத்தைத் தாங்குமா என்னும் வினாவுக்குக் கிறீன் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே விடையளித்துவிட்டார். இன்று எஞ்சி நிற்பது, விஞ்ஞானம் தமிழ் வாசகர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குமா என்னும் வினாவே. அதற்குரிய விடை விவாதத்தாலன்று, எழுதப்படும் நூல்களாலேயே அளிக்கப்படல் வேண்டும்.